ஓடைக்கரைச் செடிகளின் கணக்கு யார் கையில்?

காட்டு ஓடையின் கரையில் எந்தச் செடி முளைத்தால் நமக்கென்ன, எந்த மரம் பட்டுப்போனால் நமக்கென்ன? பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கும், பண்ணையில் நாற்றுப் பறிக்கும் பெண்ணுக்கும் இது ஒரு பிரச்னையா? கூலி, பஞ்சப்படி, குடிமனைப் பட்டா – இவையல்லவா நம் பிரச்னைகள்? செடி கொடிகளைப் பற்றிக் கவலைப்பட வயிறு நிறைந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்! இப்படிப் பேசும் தோழர்கள் நம்மிடையே உண்டு. நல்ல தோழர்கள்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரியல்ல.

தண்ணீர் வந்த வழியே திரும்பி நடந்து பாருங்கள். கோவை நகரத்துக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும். இரண்டும் பவானியின் தண்ணீர்தான். திருப்பூர்ப் பனியன் தொழிலாளி குடிப்பதும் பெரும்பாலும் அதுவே. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட கீழ்பவானி அணையின் பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அந்த ஏக்கர்களில் சொந்தமாக ஒரு சென்ட்கூட இல்லாமல், ஆனால் அந்தத் தண்ணீரை நம்பியே உலை வைக்கும் குடும்பங்கள் எத்தனை! கால்வாயில் தண்ணீர் விடாத வருஷத்தில் மிராசுதாரனுக்கு வருமானம் குறையும். கூலிக்காரனுக்கோ அடுப்பே எரியாது. இன்னும் ஒன்று: 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. அதே பைக்காரா ஆறுதான் கீழே இறங்கி மாயாறு என்று பெயர் பெற்று, பவானிசாகரில் வந்து சேருகிறது. ஆக, நம் கதிர் சுற்றியதும், நம் நாற்று பிழைத்ததும், நீலகிரி மலையில் ஒரு முழ அகலத்தில் சலசலத்துக் கிளம்பும் ஓடைகளால்தான்.

அந்த ஓடைக்கு உயிர் எங்கே இருக்கிறது? தண்ணீரில் மட்டுமில்லை, கரையில் இருக்கிறது. ஓடையின் இரு பக்கமும் ஒரு பச்சைப் பட்டை ஓடுகிறதே, அதுதான் ஓடையின் சட்டை, அதுதான் அதன் எலும்பும்கூட. வேர்கள் பின்னிக் கரையைப் பிடித்துக் கொள்கின்றன. நிழல் விழுவதால் கோடையிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. உதிரும் இலை தண்ணீரில் ஊறி மட்கிப் பூச்சி புழுக்களுக்கு இரையாகிறது. பூச்சியை மீன் தின்கிறது. மீனை நீர்நாய் தின்கிறது. மேலே புல்வெளிச் சதுப்புகள் பஞ்சுபோல் மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மாசி பங்குனியில் சிறுகச் சிறுகக் கசிய விடுகின்றன. இந்தப் பட்டையை அழித்துவிட்டால், மழை பெய்த அன்று வெள்ளம், மறுமாதம் வறட்சி. அணைக்குத் தண்ணீருக்குப் பதில் மண் வந்து சேரும்.

சரி, ஓடைக்கரை நலமாக இருக்கிறதா, நோயாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். கண் வேண்டும், வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பிப் போகும் பொறுமை வேண்டும்.

சீகூர்ப் பக்கத்தில் ஓர் இருளர் மூதாட்டியோடு ஓடை ஓரமாக நடந்தபோது அவர் சொன்னது இது: “மரத்தை எண்ணாதே தம்பி, கன்றை எண்ணு.” நீர்மருது ஓங்கி வளர்ந்து நிற்கிறது, பட்டை வெளுத்துப் பளபளக்கிறது, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. பட்டணத்திலிருந்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, “ஆஹா, என்ன வளமான காடு!” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆனால் அதன் காலடியில் முழங்கால் உயரக் கன்று உண்டா? இடுப்புயரம் வளர்ந்த பிள்ளை மரம் உண்டா? இல்லையென்றால் அந்தக் காடு பிள்ளையில்லாத வீடு. கிழவர்கள் சாய்ந்தால் கதை முடிந்தது. கன்று ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. மாடு மேய்ந்திருக்கலாம், தீ வைத்திருக்கலாம், உன்னிச்செடி மூடியிருக்கலாம், மேலே அணையில் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் மாறியதால் விதை ஒதுங்கி முளைக்கும் ஈர மணல் இல்லாமல் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும், கன்றை எண்ணாதவனுக்குக் கேள்வியே எழாது அல்லவா?

நீர்மருதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மாயாறு, சீகூர் ஓடைகளின் கரையில் நிற்கும் இந்த மரங்களின் உச்சியில்தான் பாறு – பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்கிறோமே, அது – கூடு கட்டுகிறது. ஒரு காலத்தில் ஊர் ஊராகச் செத்த மாட்டைத் தின்று சுத்தம் செய்த பறவை அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் மாமிசத்தின் வழியே பாறுகளைக் கொன்று தீர்த்தது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மிச்சமிருக்கும் சொற்பப் பாறுகளுக்குத் தென்னாட்டில் இந்த ஓடைக்கரைகள் முக்கியமான புகலிடம். மரம் சாய்ந்தால் கூடும் சாயும். ஒரு மரத்தின் பட்டையை மருந்துக் கடைக்காக முழுச் சுற்றும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே சாகும். பட்டையை யார் உரிக்கிறார், யாருக்காக உரிக்கிறார், என்ன விலைக்கு உரிக்கிறார் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். கணக்கு என்றால் செடியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போவதில்லை.

ஒவ்வொரு செடியும் ஒரு சாட்சி. நீர்வஞ்சியும் நாணலும் கோரையும் கரையில் செழித்திருந்தால், மண்ணுக்குள் ஈரம் கோடையிலும் இருக்கிறது என்று அவை சாட்சி சொல்கின்றன. பாறையில் நீர் தெறிக்கும் இடத்தில் காட்டுக் காசித்தும்பைகள் பூத்திருந்தால், சோலைக்குள் மரப்பெரணி குடை விரித்து நின்றால், நிழலும் குளிர்ச்சியும் குலையவில்லை என்று பொருள். இவை பின்வாங்கி, மேட்டுக்காட்டில் வளரும் செடிகள் தண்ணீர் விளிம்புவரை இறங்கி வருகின்றனவா? ஓடை வற்றுகிறது என்று எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. மாயாற்றுப் பக்கம் உன்னிச்செடி, மலை மேலே சீகை மரம் – இவை கரையைப் பிடித்துவிட்டால், ஓடையைக் கைப்பற்ற எதிரி வந்துவிட்டான் என்றே கொள்ள வேண்டும்.

எண்ணும் முறையும் எளியதே. ஓடையின் குறுக்கே, அடையாளக் கல் நட்ட இடத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றின் அடியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை என்ன என்ன முளைத்திருக்கிறது, தண்ணீர் எத்தனை ஆழம், அடியில் கூழாங்கல்லா சேறா, தலைக்கு மேலே வானம் எவ்வளவு தெரிகிறது என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே மாதத்தில் அதே கல்லுக்குப் போங்கள். அமெரிக்காவின் மேற்கு ராஜ்யங்களில் மாட்டுப் பண்ணைகளால் ஓடைகள் சீரழிந்தபோது, அங்குள்ள வன இலாகாவினர் ‘பச்சைக் கோடு’ என்று ஒரு முறை வைத்தார்கள்: தண்ணீரை ஒட்டி, ஆண்டு முழுவதும் நிற்கும் செடிகள் எங்கே தொடங்குகின்றனவோ அந்த விளிம்பின் மேலேயே அடி அடியாக நடந்து, ஒவ்வோர் அடியிலும் காலடியில் என்ன செடி என்று குறித்துக்கொண்டு போவது. அமெரிக்கா கண்டுபிடித்தது என்பதற்காக நாம் அதை ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல முறை நல்ல முறைதான். முதல் இரண்டு மூன்று வருஷம் ஒன்றும் புலப்படாது, சலிப்பாகக்கூட இருக்கும். ஐந்தாறு வருஷம் ஆன பிறகு நோட்டுப் புத்தகம் தானாகப் பேசத் தொடங்கும்.

இனி அரசியலுக்கு வருவோம். இதுவரை காட்டில் கணக்கு எழுதியவர்கள் யார்? எதை எழுதினார்கள்?

1882-இல் வெள்ளைக்காரன் சென்னை ராஜதானிக்கு வனச் சட்டம் போட்டான். (பெயர் மாறி, இன்றும் தமிழ்நாட்டில் நடப்பிலிருப்பது அந்தச் சட்டம்தான்!) அவன் கணக்குப் புத்தகத்தில் தேக்கு உண்டு, ஈட்டி உண்டு, சந்தனம் உண்டு, எத்தனை கன அடி, என்ன விலை என்பதெல்லாம் உண்டு. ஓடைக்கரைப் பெரணிக்கும் நாணலுக்கும் அதில் இடமில்லை, ஏனென்றால் அவற்றை ஏலம் போட முடியாது. நீலகிரியின் புல்வெளிகள் அவன் கண்ணுக்குத் ‘தரிசு’. அந்தத் தரிசில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் தைலமரமும் கொண்டுவந்து வைத்தான். சுதந்திரம் வந்த பிறகு நம் சர்க்கார் அந்தக் கணக்கை மாற்றியதா? இல்லை, பெருக்கியது! தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைக் கூழுக்காகவும் புல்வெளிமேல் சீகையும் தைலமரமும் பரவின. சிறுமுகையில் பவானிக் கரையிலேயே விஸ்கோஸ் ஆலை எழுந்தது. மேலே ஓடையின் ஊற்றுக் கண்ணில் நட்ட மரத்தை வெட்டி, கீழே ஆற்றில் கழிவை விட்டு, நடுவில் லாபத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு கெட்டது, மீன் செத்தது. கடைசியில் ஆலையும் மூடிக்கொண்டது. நடுத்தெருவில் நின்றது தொழிலாளி. காடு வேறு, ஆலை வேறு என்று இன்னும் நினைக்கும் தோழர் சிறுமுகைக்குப் போய் வரட்டும்.

இந்த மரங்கள் தண்ணீரைக் குடிக்கின்றன என்று மலைவாசிகள் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. உதகைக்கு அருகே கிளென்மார்கனில் மத்திய சர்க்காரின் மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டுவிட்டு, மற்றொன்றில் தைலமரம் நட்டு, இரண்டிலும் ஓடும் தண்ணீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். மரத்தை முதல் தடவை வெட்டும் வரையான சுற்றில் ஓடைத் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. நாலில் ஒரு பங்கு! கிழவர்களின் பேச்சை ‘கட்டுக்கதை’ என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். விடாப்பிடியாக ஒரே இடத்தில் அளந்ததால் கிடைத்த பலன் இது. அந்த விஞ்ஞானிகளுக்கு நம் வணக்கம்.

அளக்காததால் போனதும் உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் ஒரு புல் வளர்கிறது. தோதவர்கள் தங்கள் கோயில் குடிசைகளுக்குக் கூரை வேய்வது அந்தப் புல்லால்தான். அதற்குத் தங்கள் மொழியில் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தாவர நூல்களில் அது ‘எரியோகிரிசிஸ் ரங்காச்சாரி’. கோவை வேளாண் கல்லூரியில் இருந்த, தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-இல் நூல் வெளியிட்ட ரங்காச்சாரியாரின் பெயரை ஒட்டி வைத்தது. அவர் பெரும் உழைப்பாளி, அந்தப் பெயருக்குத் தகுதியுடையவர்தான். நான் கேட்பது வேறு. சதுப்பை அணை நீர் மூழ்கடித்தபோதும், சீகைக் காடு சூழ்ந்து வற்றவைத்தபோதும், புல் அருகுவதை முதலில் கண்டவர்கள் கூரைக்குப் புல் தேடி அலைந்த தோதவர்கள். ‘போன வருஷம் இந்தச் சதுப்பில் இத்தனை கட்டு கிடைத்தது, இந்த வருஷம் இல்லை’ என்பதைவிடத் துல்லியமான கணக்கு உண்டா? அதை எந்த இலாகா எழுதி வைத்தது?

இன்று காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 1988-இல் வந்த தேசிய வனக் கொள்கை, காடு ஆலைகளுக்குத் தீனி போடுவதற்காக இருப்பதல்ல என்று ஒப்புக்கொண்டது. 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியக் களைச் செடிகளை அகற்றிக் காட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கொள்கை வெளியிட்டது. வரவேற்கிறோம். ஆனால் எச்சரிக்கையோடு வரவேற்கிறோம்! களையெடுப்பு காண்டிராக்டர் கையில் போனால் கணக்கு மறுபடியும் டன் கணக்காகிவிடும். எத்தனை லாரி வெளியே போயிற்று, எத்தனை ஏக்கர் ‘சுத்தமாயிற்று’ என்று பட்டியல் வரும். கனரக யந்திரத்தை ஓடைக்கரையில் இறக்கி இழுத்தால் களையோடு கரையும் போய்விடும். சீகையின் விதையோ மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து முளைக்கும் குணமுடையது. வெட்டிய மறு மழைக்கே கீரைப் பாத்திபோலக் கன்றுகள் எழும்பும். அவற்றை வருஷா வருஷம் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் எந்த நாட்டுச் செடி திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். வராத இடத்தில் நாற்று வளர்த்து வைக்க வேண்டும். காண்டிராக்டர் இதற்கெல்லாம் நிற்பாரா? லாரி போனதும் அவரும் போய்விடுவார்.

நிற்கப் போகிறவர்கள் அங்கேயே குடியிருக்கும் இருளரும் குறும்பரும் பணியரும், எஸ்டேட் லயங்களில் இருக்கும் தொழிலாளரும்தான். இவர்கள் இன்றும் காட்டில் வேலை செய்கிறார்கள். எந்த நிலையில்? வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில் வருஷக்கணக்கில் தற்காலிக ஊழியராக உழைத்தவர்கள் ஏராளம். ஆராய்ச்சிக்கு வருகிற படிப்பாளிக்கு முன்னால் நடந்து, யானை இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து, ‘இது இன்ன செடி, இன்ன மாதத்தில் பூக்கும்’ என்று சொல்லிக் கொடுப்பவர் இவரே. மாலையில் கையில் நாள் கூலி. அறிக்கை அச்சாகும்போது பெயர் பெரும்பாலும் இராது. இருந்தால் கடைசிப் பக்கத்தில் ‘உள்ளூர் உதவியாளர்’. 1678-இல் தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலிலே, மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றித் தகவல் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சாட்சியத்தை அவர் பெயரோடு போட்டிருக்கிறார் வான் ரீட் என்ற டச்சு கவர்னர். நாடு பிடிக்க வந்தவனுக்கு இருந்த அந்த நாணயம் மூன்றரை நூற்றாண்டு கழித்து நம்மவர்களுக்கு வேண்டாமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைப் பல தோழர்கள் அறியவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் பட்டாவுக்கு மட்டுமான சட்டமல்ல. சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அது உரிமை தருகிறது. அதன் 5-ஆம் பிரிவு, காடு, வனவிலங்குகளோடு நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீர் ஆதாரங்களும் பாதுகாக்கப்படுவதை உறுதி செய்யும் அதிகாரத்தை உரிமையாளர்களுக்கும் கிராம சபைக்கும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் 2008-இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் இச்சட்டம் முடங்கிக் கிடந்து, 2016-இல்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு வருஷம் வீணாயிற்று. அதற்குப் பிறகும் தனிப்பட்டாவுக்கு ஓடிய அளவுக்குச் சமூக உரிமைக்கு நாம் ஓடவில்லை. ஓடைக்கரைக் கணக்கு என்பது அந்த உரிமையைக் கையில் எடுப்பதற்குச் சுலபமான முதல் படி. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. உரிமையுள்ள கிராம சபை தன் ஓடையைத் தானே பார்த்து எழுதுகிறது, அவ்வளவுதான்.

“புலியின் பெயரைச் சொல்லி ஜனங்களைக் காட்டைவிட்டு விரட்டப் பார்க்கிறார்கள். நாமே போய்ச் செடியைக் காப்போம் என்றால், விரட்டுகிறவனுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகாதா?” என்று மலைப் பகுதித் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். விரட்டல் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கப் பார்க்கிறது. ஆனால் கணக்கு அவன் கையில் மட்டும் இருந்தால்தான் ‘இந்த ஜனங்களால் காடு அழிகிறது’ என்று அவன் எழுதுவது எடுபடும். குடியிருப்பை ஒட்டிய ஓடையில் பத்து வருஷமாகக் கன்று பெருகியிருக்கிறது, ரிசார்ட் கட்டிய ஓடையில் கரை சரிந்திருக்கிறது என்று நம் நோட்டுப் புத்தகம் காட்டினால், அப்புறம் விரட்ட வேண்டியது யாரை?

கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கு நினைவிருக்கட்டும். குந்திப்புழையில் அணை கட்ட வேண்டும் என்றபோது, மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்று தொழிற்சங்கத்தாரில் பலரும் அணையின் பக்கம் நின்றார்கள். பள்ளி ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்த சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் செடி, மரம், விலங்குகளைப் பற்றிய விவரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அது தேசியப் பூங்காவானது. சங்கத் தோழர்கள் கேட்ட வேலை நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த வாதத்தில் விவரம் யாரிடம் இருந்ததோ அவர் பேச்சு எடுபட்டது.

நம் பக்கத்துத் தவறுகளையும் பேசியாக வேண்டும். உதகைப் பக்கம் காரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் தண்ணீர் விளிம்புவரை போய்விட்டன; மருந்தும் உரமும் நேரே ஓடையில் இறங்குகின்றன. பெரிய தோட்டக்காரன் மட்டுமா செய்கிறான்? குத்தகைக்கு எடுத்த ஏழையும்தான் செய்கிறான், ஒரு பாத்தி கூடக் கிடைக்குமே என்று. லயத்துப் பெண்கள் விறகுக்கு ஓடைக்கரையையே வெட்டுகிறார்கள், அடுத்த காடு தூரம், யானை பயம். அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எரிபொருளுக்கு எஸ்டேட் நிர்வாகத்திடம் சங்கம் வழக்காட வேண்டும். குத்தகை விவசாயியிடம் இரண்டு பாத்தி அகலம் புல்லுக்கு விடும்படி உட்கார்ந்து பேச வேண்டும். தாக்கீது ஒட்டி ஆகிற காரியமல்ல இது.

கூலி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஓடைக்கரையை எண்ணுவதும் களைக் கன்று பிடுங்குவதும் நாற்று வைப்பதும் வேலை. வேலைக்குக் கூலி உண்டு. கிராம வேலைத் திட்டம் எந்தச் சட்டத்தின் பேரில் நடந்தாலும் இந்த வேலையை அதில் சேர்க்கக் கோர வேண்டும். களை அகற்றும் ஒவ்வொரு காண்டிராக்டிலும் குறைந்தது ஐந்து வருஷத்துப் பின்வேலை உள்ளூராருக்கு என்று எழுதப்பட வேண்டும். எண்ணுகிறவர் பெயர் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. காட்டோரக் கிளைகள் அதற்கு முன் மாசி மாதத்திலேயே ஒரே ஓர் ஓடையைத் தேர்ந்தெடுத்து, மூன்று இடத்தில் கல் நட்டு, கயிறு கட்டி எழுதிவிடலாம். செடிக்கு ஊரில் என்ன பெயரோ அதையே எழுதினால் போதும். லத்தீன் பெயரைக் கல்லூரிப் பிள்ளைகள் பிறகு சேர்த்துக் கொள்வார்கள். அந்தப் பக்கங்களைச் சபையில் உரக்கப் படித்து, தீர்மானத்தில் ஏற்றி, ஒரு பிரதியை ரேஞ்சர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மூல நோட்டுப் புத்தகத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அது ஊரில் இருக்கட்டும்.